தலைக்காயமும் குருத்தணு சிகிச்சையும்: ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியவை

(சென்னைப் புறநகர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காகத் தாம்பரத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று இங்கே வந்து சேர நம்மில் பெரும்பாலோர் ஜி.எஸ்.டி. சாலையில் கொஞ்ச தூரமாவது பயணம் செய்திருப்போம். பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நம் பள்ளிகளில் பலவும் இந்தச் சாலையை ஒட்டியோ, இதில் வந்து சேரும் தெருக்களை ஒட்டியோதான் இருக்கின்றன. அப்பா ஓட்டும் வண்டியில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று வந்து இறங்குவதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் அப்பா தலைக்கவசம் அணிந்திருப்பார், பிள்ளைகள் அணிந்திருக்கமாட்டார்கள்.

நான் மருத்துவர் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கும் முதுகலை ஆசிரியை. சிகிச்சை பற்றிய முடிவுகளை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன்பும், போய்வந்த பின்பும் பெற்றோர் நம்மிடம் வருகிறார்கள். அப்போது நமக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு தாய் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். அவருடைய மகன் என் பழைய மாணவன். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் இடது கை சரியாக எழவில்லை. பேச்சும் மெதுவாகத்தான் வந்தது.

அந்த அம்மாவின் கையில் பளபளப்பான ஒரு விளம்பரத் தாள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளையில் சேதமடைந்த இரத்த நாளங்கள் மீண்டும் வளரும், கை கால் பழைய நிலைக்கு வரும் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. பல தவணை ஊசி. செலவு பல லட்சம்.

"டீச்சர், இந்தப் பாடத்தை நீங்கதான் எடுத்தீங்கன்னு அவனே சொல்றான். வீட்டை அடமானம் வெச்சுப் பணம் கட்டட்டுமா?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் பொறுங்கம்மா. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரம் படிக்கத் தொடங்கியதை இன்றுவரை விடவில்லை. அதன் சாரத்தைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் குருத்தணுக்களைப் பற்றி நடத்தும்போது, "பழுதடைந்த உறுப்புகளைச் சரிசெய்யப் பயன்படும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவது வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த வரி மாணவனோடு வீட்டுக்குப் போகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, "டீச்சரே சொல்லியிருக்காங்க" என்று அடமானப் பத்திரத்தின் அருகில் வந்து நிற்கிறது. "பயன்படும்" என்ற சொல் இன்றைக்கா, நாளைக்கா? தமிழாசிரியர்கள் அதில் காலம் எது என்று கேட்பார்கள். அறிவியல் ஆசிரியர்களும் கேட்க வேண்டும்.

மூளையும் அதன் நாளங்களும்

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ; உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் 15 விழுக்காடு அதற்குப் போகிறது. உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. மூளையால் உணவைச் சேமித்துவைக்க முடியாது. இரத்தம் வருவது சில நொடிகள் நின்றால் மயக்கம். சில நிமிடங்கள் நின்றால் செல்கள் சாகத் தொடங்கும்.

இந்த இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தந்துகிகளையெல்லாம் நீட்டி ஒன்றோடொன்று இணைத்தால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தாம்பரத்தில் கிளம்பி நெடுஞ்சாலை வழியாகத் திருநெல்வேலி போய்ச் சேரும் தூரம். அது முழுவதும் நம் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கும் ஓர் உறுப்பில் இருக்கிறது. வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

உடலின் மற்ற இடங்களில் உள்ள தந்துகிகளுக்கும் மூளையின் தந்துகிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மூளையில் தந்துகியின் உட்சுவராக இருக்கும் எண்டோதீலிய செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன. அவற்றை வெளிப்புறமாகப் பெரிசைட் என்ற செல்கள் அணைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் செல்களின் நுனிகள் போர்த்தியிருக்கின்றன. மூன்றும் சேர்ந்ததுதான் இரத்த-மூளைத் தடுப்பு. இரத்தத்தில் இருக்கும் எல்லாமே மூளைக்குள் நுழைந்துவிடாமல் காப்பது இதன் வேலை.

அடிபட்டால் என்ன ஆகிறது?

தலையில் அடிபட்டதும் நடப்பவற்றை மூன்று கட்டங்களாகப் பார்க்கலாம்.

முதலாவது, பெரிய நாளம் கிழிவது. காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தில் நடு மூளையுறைத் தமனி ஓடுகிறது. அங்கே கிரிக்கெட் பந்து பட்டு எலும்பு விரிசல் விட்டால் அந்தத் தமனி கிழியலாம். எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையில் இரத்தம் சேரும். இதில் ஓர் ஆபத்து உண்டு. அடிபட்ட பிள்ளை சற்று நேரம் மயங்கி, பிறகு எழுந்து நன்றாகவே பேசலாம். "ஒண்ணும் இல்ல மிஸ்" என்று சொல்லலாம். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்று நிலைமை மோசமாகும். உரிய நேரத்தில் சேர்ந்த இரத்தத்தை அறுவை சிகிச்சையால் அகற்றினால் அந்தப் பிள்ளை முழுமையாகவே குணமடைய முடியும். தாமதித்தால் உயிர் போகும்.

இரண்டாவது, தந்துகிகள் சேதமடைவது. இதைக் கண்ணால் பார்க்க முடியாது. எண்டோதீலிய செல்களின் பிணைப்பு தளர்கிறது, பெரிசைட்டுகள் விலகுகின்றன, தடுப்பு ஓட்டையாகிறது. நீரும் புரதமும் மூளைத் திசுவுக்குள் கசிகின்றன. மூளை வீங்குகிறது. கையில் அடிபட்டு வீங்கினால் தோல் நெகிழ்ந்து இடம் கொடுக்கும், மண்டையோடு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் இரத்தம் உள்ளே வருவது குறைகிறது. இரத்தம் குறைந்தால் மேலும் செல்கள் சாகின்றன. இந்தச் சுழற்சி முதல் சில மணி நேரங்களிலிருந்து சில நாட்கள் வரை நீடிக்கும். விபத்தில் விழுந்த அந்த நொடியில் ஏற்பட்ட சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் போராடுவதெல்லாம் இந்த இரண்டாவது சேதத்தோடுதான்.

மூன்றாவது, சீரமைப்பு. வாரங்கள், மாதங்கள் ஆகும். தப்பிய நாளங்களிலிருந்து புதிய கிளைகள் தோன்றும். நரம்பு செல்கள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளும். பயிற்சியால் இது வலுப்படும். ஆனால் இந்தச் சீரமைப்பு பல நேரங்களில் முழுமையாக இருப்பதில்லை. அந்தக் குறையை நிரப்ப முடியுமா என்ற கேள்வியில்தான் குருத்தணு ஆய்வு தொடங்குகிறது.

குருத்தணு என்ன செய்யும்?

குருத்தணுவை மூளையில் வைத்தால் அது புதிய நரம்பாகவும் புதிய இரத்த நாளமாகவும் மாறி, விட்டுப்போன இடத்தில் பொருந்திவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் படம் போடுகின்றன. இந்தத் துறையில் அதிகம் ஆராயப்படுவது எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் குருத்தணுக்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகளின்படி, மூளையில் வைத்த அந்த செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன. இருக்கும் நாட்களில் அவை வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன; எக்சோசோம் என்ற மிக நுண்ணிய பைகளை வெளியிடுகின்றன. அவை அங்கேயே இருக்கும் செல்களைத் தூண்டிப் புதிய தந்துகிகளை வளர்க்கவும், வீக்கத்தைக் குறைக்கவும் உதவுகின்றன. அதாவது அவை கட்டடத்தின் செங்கல்லாக ஆவதைவிட, மேஸ்திரியாக நின்று வேலை வாங்குகின்றன என்று சொல்லலாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் ஆய்வாளர்கள், செல்களே இல்லாமல் எக்சோசோம்களை மட்டும் செலுத்தியபோதும் தலையில் காயம்பட்ட எலிகளில் முன்னேற்றம் தெரிந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

எலியில் நடந்தது மனிதரில் நடக்குமா? இங்கேதான் எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், தலையில் கடுமையான காயம்பட்ட 5 முதல் 14 வயது வரையிலான 10 குழந்தைகளுக்கு, அவர்களுடைய எலும்பு மஜ்ஜை செல்களையே 48 மணி நேரத்துக்குள் எடுத்துச் செலுத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. அந்த ஆய்வு முதலில் கேட்ட கேள்வி, "இது குணப்படுத்துமா?" என்பதில்லை. "இது பாதுகாப்பானதா?" என்பதுதான். பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது என்பது அதன் விடை. 10 குழந்தைகளை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது என்பதை ஆய்வாளர்களே உணர்ந்திருந்தார்கள்.

அடுத்தது ஜப்பானின் சான்பயோ நிறுவனம் உருவாக்கிய செல் மருந்து. தலைக்காயத்துக்குப் பிறகு நீண்ட காலமாகக் கை கால் செயலிழப்போடு இருந்த 61 பேரிடம் சோதிக்கப்பட்டது. 46 பேருக்கு மூளையில் செல்கள் வைக்கப்பட்டன. 15 பேருக்கு அறுவை சிகிச்சை போலவே எல்லாம் செய்து, செல்கள் மட்டும் வைக்கப்படவில்லை. 24 வாரம் கழித்து இயக்கத்தை அளவிடும் மதிப்பெண்ணில் செல் பெற்றவர்கள் சராசரியாக 8.3 புள்ளிகள் முன்னேறினார்கள், பெறாதவர்கள் 2.3 புள்ளிகள். இது நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் 48 வாரத்தில் பார்த்தபோது இரு குழுக்களுக்கும் இடையே புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை. இந்த மருந்துக்கு ஜப்பான் அரசு 2024 ஜூலை 31 அன்று நிபந்தனையோடு கூடிய, காலவரையறை உள்ள ஒப்புதலை அளித்தது. பயன்படுத்திக்கொண்டே தொடர்ந்து சான்று சேர்க்க வேண்டும் என்பது அதன் பொருள்.

செல் பெறாத அந்த 15 பேரும் 2.3 புள்ளிகள் முன்னேறியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். காலமும் பயிற்சியும் எதிர்பார்ப்பும் தருகிற முன்னேற்றம் அது. ஒப்பிட ஒரு குழு இல்லாமல், "எங்களிடம் ஊசி போட்டவர் நடக்கிறார், பாருங்கள்" என்று ஒரு வீடியோவைக் காட்டினால், அந்த நடையில் எவ்வளவு ஊசியால் வந்தது, எவ்வளவு தானாக வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பில் விதை முளைக்கும் சோதனையில் கட்டுப்பாட்டுத் தொட்டி ஏன் வைக்கிறோம் என்று நடத்துகிறோம் அல்லவா? அதே பாடம்தான் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் குருத்தணுக்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் தந்துகிகளில் சிக்கிக்கொள்கிறது. மூளைக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. ஏற்றிய செல்கள் எல்லாம் அடிபட்ட இடத்தைத் தேடிப் போய்விடும் என்பது விளம்பரத்தின் மொழி.

நம் நாட்டில் நிலைமை என்ன?

குருத்தணுவால் உண்மையாகவே குணமாகும் நோய்கள் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றம் என்று நாம் சொல்வது இரத்தக் குருத்தணு சிகிச்சைதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே அது நடைபெற்றுவருகிறது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு அது நிலைபெற்ற சிகிச்சை. அதே வேலூரில், கடுமையான ஹீமோஃபிலியா-ஏ நோய் உள்ள 5 பேரின் இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, குறைபாடுள்ள மரபணுவின் சரியான நகலைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. ஆய்வுக் காலத்தில் அவர்களுக்கு இரத்தக் கசிவு நிகழவில்லை. குருத்தணு அறிவியலில் நம் மாநிலம் பின்தங்கியிருக்கவில்லை என்று மாணவர்களிடம் பெருமையாகவே சொல்லலாம்.

தலைக்காயத்தின் நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இரத்தம் சார்ந்த நோய்களுக்கு இரத்தக் குருத்தணு மாற்றம் என்பதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாடும் ஆய்வு நிலையில் உள்ளவை. அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே அவற்றைச் சிகிச்சை என்று தரக்கூடாது. 2007-இல் வந்த முதல் வழிகாட்டுதலின் தலைப்பில் "ஆராய்ச்சி", "சிகிச்சை" என்று இரண்டு சொற்களும் இருந்தன. 2013-இல் திருத்தி வெளியிட்டபோது "சிகிச்சை" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஒரு சொல்லை நீக்கியே ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு அந்த அம்மாவுக்கு நான் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று: இது நடைமுறைச் சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? 2009 ஜூன் முதல் இந்தப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

இரண்டு: நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்திருக்கிறதா? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தருவார்களா?

மூன்று: எதற்காகப் பணம்? ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்காகப் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது ஆய்வு நெறி. லட்சக்கணக்கில் கேட்டால் அதுவே எச்சரிக்கை மணி.

நான்கு: அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் என்ன சொல்கிறார்?

அந்த அம்மா கேட்டார். பதிவு எண் கிடைக்கவில்லை. "இந்த மாதத்துக்குள் கட்டினால் சலுகை" என்ற பதில்தான் கிடைத்தது. மகனுக்கு அறுவை சிகிச்சை செய்த அரசு மருத்துவர், பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளச் சொல்லி, இயன்முறைப் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்தார். வீடு அடமானத்துக்குப் போகவில்லை. பையனின் இடது கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். இதை அற்புதமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகள் தினமும் செய்த பயிற்சியின் பலன் இது.

இன்று நம் கையில் இருப்பவை

நாளங்களைப் பழுதுபார்க்கும் செல் மருந்து நாளை வரலாம். நாளங்களைக் காக்கும் வழிகள் இன்றே இருக்கின்றன.

முதலில் தலைக்கவசம். மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்கவசம் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும், இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2008-இல் கூறியது. எந்த ஊசிக்கும் இவ்வளவு பலன் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், பின்னால் உட்காருபவர் உட்பட, தலைக்கவசம் அணிய வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதி அறிவிக்கப்பட்டது. பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்ல முடியும்.

இரண்டாவது, நேரம். தலைக்காயம் பட்டவரின் இரத்த அழுத்தம் ஒருமுறை 90-க்குக் கீழே போனால்கூட இறப்பு ஏறத்தாழ இரு மடங்காவதை 1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உள்ளே வீங்கிய மூளைக்கு இரத்தத்தைத் தள்ள அழுத்தம் போதாமல் போவதுதான் காரணம். டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த மருந்து, இரத்தம் உறைந்த இடம் மீண்டும் கரைந்துவிடாமல் தடுக்கிறது. 12,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற, 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், லேசான அல்லது நடுத்தரத் தலைக்காயம் உள்ளவர்களுக்கு முதல் 3 மணி நேரத்துக்குள் இதைத் தந்தபோது தலைக்காயத்தால் இறப்பது குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பயன் தெரியவில்லை. மருந்து இருந்தாலும் நேரம் தவறினால் பயனில்லை.

அதனால்தான் 108. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை. 2021 டிசம்பர் 18 அன்று, இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இருக்கும் மேல்மருவத்தூரில், "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைக் காவல்துறை வழக்கில் இழுத்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. உதவி செய்பவரைப் பாதுகாக்கும் பிரிவு 134-ஏ அதே 2019 திருத்தத்தில் இருக்கிறது. இதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

நம் பள்ளியில் நாம் செய்ய வேண்டியவை

விளையாட்டு நேரத்தில் ஒரு பிள்ளை தலை அடிபட விழுந்தால், "தண்ணி குடி, சரியாப் போயிடும்" என்று வகுப்புக்கு அனுப்பிவிடக் கூடாது. ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கவனிக்க வேண்டும். நொடி நேர மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, ஒரு கண்பாவை பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். கழுத்தை அசைக்கக் கூடாது. கலக்கத்தில் இருப்பவருக்குக் குடிக்க எதுவும் தரக்கூடாது. எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் பெற்றோருக்குத் தெரிவித்து, அடுத்த இரண்டு நாள் கவனிக்கச் சொல்ல வேண்டும். எழுந்து நன்றாகப் பேசிய பிள்ளைக்கும் உள்ளே தமனி கசிந்துகொண்டிருக்கலாம் என்று முன்பே சொன்னேன். பிள்ளை வீட்டுக்குப் போகும் முன் அதைக் கவனிக்கக்கூடியவர் அந்த வகுப்பின் ஆசிரியர்தான்.

தலைக்காயத்திலிருந்து மீண்டு வரும் மாணவனுக்கு வெளியில் எதுவும் தெரியாது. முடி வளர்ந்து தையலை மறைத்துவிடும். ஆனால் சீக்கிரம் களைத்துப்போவான். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க மாட்டான். சத்தமும் வெளிச்சமும் தலைவலி தரும். முன்பு சாதுவாக இருந்தவன் சட்டென்று கோபப்படுவான். விபரம் தெரியாத ஆசிரியருக்கு அது சோம்பேறித்தனமாகவும் திமிராகவும் தோன்றும். முதல் வாரங்களில் அரைநாள் வரட்டும். ஒரு பாடவேளைக்குப் பிறகு பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். குறிப்புகளை நகலெடுத்துத் தாருங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். மருத்துவர் சொல்லும்வரை விளையாட்டு வேண்டாம். ஆறாத மூளையில் இரண்டாவது அடி மிக ஆபத்தானது.

உதவி பெற வழிகளும் இருக்கின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. நிலைத்த பாதிப்பு இருந்தால், மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து, பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கிறார்கள். அந்த அம்மா காட்டிய விளம்பரத் தாளில் இவை எதுவும் இல்லை. ஆனால் இவைதான் அவருக்குக் கிடைக்கக்கூடியவை.

வகுப்பறையில் ஒரு சொல்

நிறைவாக ஒரு வேண்டுகோள். 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். சி.டி. ஸ்கேன் என்ற கருவியே அப்போது உலகில் இல்லை. இன்று மண்டைக்குள் எங்கே இரத்தம் சேர்ந்திருக்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அறிவியல் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஒரு நாள் தந்துகிகளைச் சீரமைக்கும் சிகிச்சையும் வரலாம்; அதைக் கண்டுபிடிப்பவர் சேலையூரிலோ மேடவாக்கத்திலோ நம் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்த ஆர்வத்தை நாம் குறைத்துவிடக் கூடாது.

ஆகவே குருத்தணுப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு பட்டியல் போடுங்கள். "இன்று பயன்படுகிறது" என்று ஒன்று: இரத்தப் புற்றுநோய், தலசீமியா. "ஆய்வில் இருக்கிறது" என்று மற்றொன்று: தலைக்காயம், முதுகுத்தண்டுக் காயம், பக்கவாதம். பிறகு, ஒரு பெயர் இரண்டாவது பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்குப் போக என்னென்ன சான்று வேண்டும் என்று மாணவர்களையே கேளுங்கள். அதற்கு ஒரு பாடவேளை கூடுதலாக ஆகும். அந்தப் பாடவேளையைக் கேட்ட பிள்ளைகள் நாளை ஒரு விளம்பரத் தாளைக் கையில் வாங்கும்போது, பதிவு எண்ணைத் தாங்களாகவே கேட்பார்கள்.